ஆம்பூர் ஆழ்கடல் மீனவர்

கருவிழியான் என்றொரு மீன். வெயில் எட்டாத ஆழத்தில், யார் வம்புதும்புக்கும் போகாமல், நூறு வயது வரைக்கும் வாழக்கூடிய சாதுப் பிராணி. அதைப் போய் வலை போட்டு அள்ளி, தோலை உரித்துக் குப்பையில் கொட்டி, சதையை ஐஸ் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இனமே அற்றுப்போகும் என்று கடல் விஞ்ஞானிகள் கையைப் பிசைந்தார்கள். அரசாங்கமும், நியாயமாகச் சொல்லப்போனால், நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தது. வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம், அதற்கு மேல் ஒரு மீன் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். வரம்பைக் காக்க ஒரு வாரியம் வைத்தார்கள். வாரியம் வைத்தார்களா, அத்தோடு நல்ல எண்ணம் தீர்ந்தது.

வாரியத்தின் முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "வரம்பைக் கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? உள்மாவட்டத்துக்காரன் மனிதன் இல்லையா?" என்று கேட்டாராம். அவர் உட்காருவதற்குள் கைதட்டல். ஆகவே எல்லா மாவட்டங்களுக்கும் சரிசமமாகப் பங்கு பிரிந்தது. அப்படித்தான் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு எழுபது கருவிழியான் வந்து சேர்ந்தது. கடல் வரவில்லை. அது வேறு இலாகாவாம்.

ஆம்பூரில் லாரி பார்சல் ஆபீசுக்கு மேல்மாடியில் வாரியத்தின் கிளை திறந்தது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் வங்காள விரிகுடாவின் படம், உதவி இயக்குநர் அருணகிரி. அவர் அதற்கு முன் பட்டுப்புழு பார்த்துக்கொண்டிருந்தவர். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் முப்பது வருஷ உத்தியோகத்தில் அவருக்கு ஒன்று ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு எண் வந்தால் அது இலக்கு. மரக்கன்றுக்கு எண் வரும், நட வேண்டும். கழிப்பறைக்கு எண் வரும், கட்ட வேண்டும். மீனுக்கு எழுபது என்று வந்திருக்கிறது, பிடிக்க வேண்டும். இதற்கு மேல் பிடிக்காதே என்பதற்காகவும் ஒரு எண் வரலாம் என்று அவருக்கு மட்டுமா தெரியாது? அவருக்கு மேலே இருந்தவருக்கும் தெரியாது, அவருக்கும் மேலே இருந்தவருக்கும் தெரியாது. அப்புறம் யாரைக் குற்றம் சொல்ல!

மாதா மாதம் கணினித் திரையில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். கடலோர மாவட்டங்கள் முதல் வாரத்திலேயே நூறு சதவீதத்தை எட்டிவிட்டு, திரையில் சந்தனப் பொட்டோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாரியத்தின் ஆணையர் சூரியபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார்.

"திருப்பத்தூர்?"

"சார், வணக்கம் சார். இங்க கடல் இல்ல சார்."

"கடல் இருக்கான்னு நான் கேட்டேனா? எத்தனை பர்சென்ட்?"

"சைபர் சார்."

"போன மாசமும் சைபர். அதுக்கு முந்தின மாசமும் சைபர். உங்களுக்கு வெக்கமா இல்லையா அருணகிரி? தர்மபுரியாவது ஒரு உத்தேச மதிப்பீடு அனுப்பிச்சிருக்கு."

அருணகிரி விரிவாக ஒரு விளக்கம் எழுதி அனுப்பினார். ஆம்பூருக்கும் கடலுக்கும் உள்ள தூரம், நடுவில் உள்ள ஊர்கள், டோல்கேட்டுகள் எல்லாம் போட்டிருந்தார். பதில் வந்தது: 'கடல் இல்லை என்பதைத் தொடர்ந்து காரணமாகக் காட்டிவருவது தங்களின் முனைப்பின்மையையே புலப்படுத்துகிறது.' அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை, பாவம்.

இப்படி அவர் நொந்து போய் உட்கார்ந்திருந்த ஒரு நாள் காலையில், ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் மேலே ஏறி வந்தது. தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்துக்குப் பழகிய ஊர் இது. சாதாரண நாற்றம் எதற்கும் யாரும் மூக்கைத் தொடமாட்டார்கள். இது வேறு ரகம். அருணகிரி எழுந்து நின்றார். மோந்தார். செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

கீழே பார்சல் ஆபீஸ் வாசலில் முஜாஹித் ஒரு பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், ஆனால் யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினால் தப்பு தன்மேல்தானோ என்று யோசிக்கிற சுபாவம். பஜாருக்குப் பின்னால் ஒரு ஷெட் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு பெண்கள் மிஷினில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் வெளிநாட்டு ஆர்டர்கள் காய்ந்துபோய், கம்பெனிகள் ஜாப் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டன. ஷெட்டை மூடுவதா, ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்புவதா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சென்னையில் மீன் வெட்டுகிற கம்பெனிகள் தோலைக் குப்பையில் கொட்டுகின்றன. அதைப் பதனிட்டால் என்ன? செதில் தழும்போடு பார்க்க ஜோராக இருக்குமே? தை மாசக் கடைசியில் சென்னையில் தோல் கண்காட்சி. அங்கே வருகிற இத்தாலிக்கார அம்மாள் ஒருத்தி, மீன்தோலில் செருப்பு சாம்பிள் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெட்டியில் இருந்தது ஆறு குடும்பத்தின் சோறு.

"இது இன்னா மீன்?" என்றார் அருணகிரி, மூச்சு வாங்க.

"மீன் இல்ல சார், வெறும் தோலு. கருவிழியான்னு சொன்னாங்க. உப்புல போட்டு அனுப்பிச்சிருக்காங்க."

கருவிழியான்! அருணகிரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் சட்டம்தான் ஞாபகம் வந்தது. பெட்டியை ஜப்தி செய்து, நாலு பேரை விட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார். எண்பத்து நாலு தோல். ஒரு தோலுக்கு ஒரு மீன். எழுபதுக்கு எண்பத்து நாலு! அவர் கால்குலேட்டரை எடுத்தார். நூற்று இருபது சதவீதம் என்று அது சொன்னது. அவர் நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தார், மறுபடியும் அதையே சொன்னது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முஜாஹித்தை உள்ளே அழைத்து, மின்விசிறிக்கு நேராக உட்காரவைத்து, டீ வரவழைத்தார்.

"பாய், இந்த மீனை எல்லாம் நீங்கதான் புடிச்சீங்க."

"அய்யோ, அல்லா மேல ஆணையா நான் புடிக்கல சார்! நான் கடலையே ரெண்டு தரந்தான் பாத்திருக்கேன். அதுவும் கரையிலேர்ந்து."

"அவசரப்படாதீங்க. நீங்க புடிக்கலைன்னா இது கணக்குல வராத தோலு. பறிமுதல் பண்ணி, எரிச்சுடணும். நீங்க புடிச்சதுன்னா, மாவட்டத்தோட சாதனை. தோலு உங்களுக்கே. இன்னா சொல்றீங்க?"

முஜாஹித் மேசை மேலிருந்த பெட்டியைப் பார்த்தார். ஜன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் தோல் அழுகிவிடும். "புடிச்சேன் சார்," என்றார் மெதுவாக.

"எங்க?"

"நீங்களே சொல்லுங்க சார்."

இந்த மாவட்டத்தில் பாலாற்றை விட்டால் வேறு என்ன இருக்கிறது? பாலாறு என்றே முடிவாயிற்று.

ஷெட்டுக்குத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும், எழிலரசி மிஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ஆறு பேரில் தையல் சுத்தமானவள், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. "பாய், நீங்க குளிக்கறதுக்கே வெந்நீ வெச்சு, ஒரு சொம்பு ரெண்டு சொம்புன்னு ஊத்திக்கிற ஆளு. நீங்க ஆழ்கடல் மீனவரா?" என்றாள்.

"சிரிக்காத எழிலு. தோலு உள்ள கெடக்குது. நாளாச்சுன்னா அழுவிப்போவும்."

சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் வீடு அவளுடையது. "அப்ப மீனவராயிடுங்க," என்றாள். "இன்னா இப்போ? ஆவுங்க."

ஆவது அவ்வளவு லேசா? மீனவராக வேண்டுமென்றால் மீனவர் அட்டை வேண்டும். அது வந்தால்தான் தோல் கைக்கு வரும். அட்டைக்குப் படகு வேண்டும். படகுக்குப் பதிவு வேண்டும். பதிவுக்கு நீச்சல் தெரிந்த மீனவர் வேண்டும். அருணகிரி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, முஜாஹித் சரி சரி என்று தலையாட்டினார். தினமும் காலையில் ஒரு பை கல்லுப்பு வாங்கிக்கொண்டு மாடியேறி, தோலைப் புரட்டிப் புரட்டி உப்புத் தூவிவிட்டு, "இன்னும் தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்றைய அலைச்சலுக்குக் கிளம்பினார். அருணகிரியும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இரண்டு கை உப்புப் போடுவார்.

படகு காயலான் கடையில் கிடைத்தது. ஏதோ ஏரியில் ஓடி ஓய்ந்துபோன மிதிபடகு. அன்னப்பறவை மாதிரி கழுத்தும் மூக்கும் வைத்து, குழந்தைகள் உட்கார்ந்து மிதிக்கிற ரகம். ஒரு கண் பெயிண்ட் உதிர்ந்து போயிருந்தது. டாடா ஏஸில் ஏற்றிப் பாலாற்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கினார்கள் என்றால், மணலில். பாலாற்றில் எந்தக் காலத்தில் தண்ணீர் போயிற்று? தோல் ஷாப்புகளுக்குப் போனது போக மிச்சம் இருந்த ஈரத்தையும் வெயில் நக்கிவிட்டது.

படகு ஆய்வாளர் ஹேமந்த் சென்னையிலிருந்து வந்தார். இளம் வயது, கறுப்புக் கண்ணாடி, கையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. அவர் அன்னத்தின் மேல் ஏறி நின்று, பக்கவாட்டில் குண்டை இறக்கினார். அது 'தொப்' என்று மணலில் விழுந்தது. அவர் கயிற்றைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், அருணகிரியைப் பார்த்தார். அருணகிரி வானத்தைப் பார்த்தார்.

"தண்ணி எங்க?"

"உள்வாங்கியிருக்குது சார்," என்றார் அருணகிரி.

"எப்பலேர்ந்து?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து சார்," என்றார் முஜாஹித். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

ஹேமந்த் கயிற்றைச் சுருட்டிவிட்டு, 'ஆய்வின்போது கடல் உள்வாங்கிய நிலையில் இருந்தது; படகு ஆடவில்லை, உறுதியாக நிற்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இவ்ளோ ஸ்டெடியான ஒரு படகை நான் எந்தத் துறைமுகத்துலயும் பாத்ததில்ல," என்று பாராட்டவும் செய்தார்.

அடுத்தது நீச்சல். முஜாஹித்துக்கு ஆரஞ்சுக் கலரில் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். அவருடைய வயிற்றுக்கு அது பூட்டவில்லை. எழிலரசி ஷூ லேஸ் போட்டுக் கட்டிவிட்டாள்.

"சார், தண்ணியில்லாம எப்டி சார் நீந்தறது?"

"தண்ணி இருக்கறது இல்லாதது என் அதிகாரத்துல வராது," என்றார் ஹேமந்த். "நான் கை கால் அசைவை மட்டுந்தான் பாப்பேன். குப்புறப் படுங்க."

முஜாஹித் மணலில் குப்புறப் படுத்தார். கையை வீசினார், காலை உதைத்தார். சூடான மணல் வயிற்றைச் சுட்டது. ஹேமந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூடவே நடந்தார். பாலத்தின் மேல் போன பஸ் நின்றது, பின்னால் வந்த லாரி நின்றது, ஜனங்கள் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு, "உடாத பாய்! கரை வந்துடுச்சு, புடி புடி!" என்று கத்தினார்கள். எழிலரசி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முஜாஹித்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு கட்டத்தில் நிஜமாகவே மூச்சு முட்டி, "காப்பாத்துங்க!" என்று கத்திவிட்டார். ஹேமந்த் அதற்குத் தனி மதிப்பெண் போட்டார். அபாயக் குரல் எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதியில் இருக்கிறதாம்.

ஆக, முஜாஹித் மீனவரானார். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் "திருப்பத்தூர் நூத்தி இருவது பர்சென்ட் சார்" என்று அருணகிரி சொன்னபோது, திரையில் இருந்த அத்தனை மாவட்டங்களும் வாயைப் பிளந்தன. ஆணையரே நேரில் வருகிறேன் என்றுவிட்டார்.

விழா ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். பிரியாணி என்று சொன்னதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேடையில் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார்கள். முன்வரிசை மட்டும் காலி. ஆணையர் சூரியபிரகாஷ் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களே! ஒரு காலத்தில் நம்மிடம் மீன் இருந்தது, வரம்பு இல்லை. இன்று வரம்பு இருக்கிறது. இதுதான் வளர்ச்சி. மீன் இன்று இருக்கும், நாளை போகும், வாரியம் நிலையானது. சிலர் கேட்கிறார்கள், இந்த வாரியத்தால் மீனுக்கு என்ன நன்மை என்று. நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன், மீனால் இந்த வாரியத்துக்கு என்ன நன்மை? இந்த மூன்று வருஷத்தில் ஒரு மீனாவது நம் ஆய்வுக் கூட்டத்துக்கு ஒத்துழைத்திருக்கிறதா? ஆனால் கடலே இல்லாத ஒரு மாவட்டம் ஒத்துழைத்திருக்கிறது. கடல் இருக்கிற மாவட்டங்கள் வெட்கப்படட்டும்!"

பலத்த கைதட்டல். முஜாஹித்துக்குச் சால்வை போர்த்தி, மாநிலத்தின் சிறந்த ஆழ்கடல் மீனவர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் கேடயத்தை வாங்கிக்கொண்டு, "சார், தோலை எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம்," என்று ஆணையர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வரம்பு எழுபது. நீங்க புடிச்சது எண்பத்து நாலு. பதினாலு மீன் அத்துமீறல். உங்க மேல கேஸ் இருக்கே."

"இப்பதான சார் சால்வை போட்டீங்க?"

"அது சாதனைப் பிரிவு. இது அமலாக்கப் பிரிவு. ரெண்டும் நான்தான், ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதில்ல."

சட்டப்படி, வரம்புக்கு மிஞ்சிய மீனை எங்கே பிடித்தார்களோ அதே நீரில் உயிரோடு விட்டுவிட வேண்டும். விட்டால் வழக்கு இல்லை. மண்டபமே கிளம்பிப் பாலாற்றுக்குப் போயிற்று. ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து மணலில் திறந்துவிட்டார்கள். ஒரு குட்டை தேங்கிற்று. ஆணையர் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, உப்பில் விறைத்துப்போன ஒரு தோலை இரண்டு கையாலும் ஏந்தி, "போ, சுதந்திரமாகப் போ" என்று விட்டார். கேமராக்காரன் இன்னொரு முறை விடச் சொன்னான், விட்டார். தோல் மிதந்தது. பதினாலையும் விட்டு முடிப்பதற்குள் ஆற்றங்கரை நாய்கள் இரண்டு பாய்ந்து, வாய்க்கு ஒன்றாகக் கவ்விக்கொண்டு ஓடின. மறுநாள் வாரியத்தின் அறிக்கையில், 'விடுவிக்கப்பட்ட மீன்கள் உற்சாகமாக இடம்பெயர்ந்தன' என்று இருந்தது.

பதினாலு போனால் போகட்டும், எழுபது இருக்கிறதே என்று முஜாஹித் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஆணையர் புதிய திட்டத்தை அறிவித்தார். எண்ணிய மீனை மறுபடி எண்ணிவிடக் கூடாதல்லவா? ஆகவே இனி எங்கே பிடித்தாலும் ஒவ்வொரு மீனுக்கும் இரும்பைக் காய்ச்சி வட்ட முத்திரை. முதல் முத்திரை ஆம்பூரில்.

முஜாஹித் பெட்டியை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றார். இந்த ஊரில் மாட்டுத்தோலில் முள் கீறின கோடு இருந்தாலே விலையைக் குறைப்பார்கள். உண்ணி கடித்த தடத்தைக்கூட விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் தேடுகிற ஊர். "சார், ஓரமா வெச்சுடுங்க சார். வாலு பக்கமா. நடுப்பாகந்தான் சார் தோல்ல உசிரே," என்று கெஞ்சினார்.

"வாலுல வெச்சா யார் கண்ணுல படும்?" என்றார் ஆணையர். எழுபது தோலுக்கும் நட்ட நடுவில், ஒரு மீன் படமும் சுற்றிலும் 'கணக்கிடப்பட்டது' என்ற எழுத்துமாகச் 'சுர்'ரென்று முத்திரை விழுந்தது. ஒவ்வொரு சுர்ருக்கும் முஜாஹித் தன் மேலேயே சூடு பட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயந்திரம் ஷெட்டில் ஒரு மிஷினும் ஓடவில்லை. முஜாஹித் பெட்டியை வைத்துவிட்டு, கேடயத்தை அதன் மேல் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். "மூடிடலாம் எழிலு. என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன். மணல்லயும் நீந்திட்டேன்," என்றார்.

எழிலரசி ஒரு தோலை எடுத்து விரித்துப் பார்த்தாள். "உங்கள நான் மூட விடமாட்டேன். பதம் போட்டுக் குடுங்க. இந்த எழவு முத்திரையை ஒளிக்க எடமில்லைன்னா, நட்ட நடுவுலயே வெச்சுத் தைக்கறேன். வந்தா வருது, போனா போவுது."

அப்படியே செய்தாள். ஒவ்வொரு செருப்பின் பட்டையிலும், கால் விரலுக்கு மேலே, நேர் நடுவில் அரசாங்க முத்திரை உட்கார்ந்திருந்தது.

கண்காட்சியில் இத்தாலிக்கார அம்மாள் செருப்பைக் கையில் எடுத்தாள். செதிலைத் தடவினாள், விரல் முத்திரையில் நின்றது. இது என்ன என்றாள். முஜாஹித் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "கவர்மென்ட். ஒவ்வொரு மீனையும் எண்ணி, கையால முத்திரை" என்றார். ஒவ்வொரு மீனையுமா, அரசாங்கமேவா, கையாலேயா என்று மூன்று தடவை கேட்டாள். ஆமாம், ஆமாம், ஆமாம் என்றார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அக்கறையை உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்றாள். ஆயிரம் ஜோடிக்கு ஆர்டர்!

அத்தனை தோலுக்கு முஜாஹித் எங்கே போவார்? ஆனாலும் பொய் சொல்லவில்லை. "மேடம், மீன் அவ்ளோதான். வரம்பு முடிஞ்சது. ஆட்டுத்தோல்ல வேணும்னா செதில் பிளேட்டு வெச்சு அழுத்தித் தர்றேன், வித்தியாசம் தெரியாது" என்றார். ஆடா? ரொம்ப நல்லது, ஒரு மீனும் சாக வேண்டாம் என்று அவள் இன்னும் குளிர்ந்து போனாள். ஒரே ஒரு நிபந்தனை. முத்திரை இருந்தாக வேண்டும். முத்திரை இல்லாத செருப்பு வேண்டவே வேண்டாம்.

"ஆட்டுக்கு எவன் மீன் முத்திரை குத்துவான்?" என்று ஊருக்கு வரும் வழியெல்லாம் முஜாஹித் புலம்பிக்கொண்டே வந்தார். ஷெட் வாசலில் அருணகிரி காத்துக்கொண்டிருந்தார். மூஞ்சி செத்துக் கிடந்தது.

"பாய், பேஜாரா போச்சு. போன வருஷம் சாதிச்சுட்டமாம். இந்த வருஷத்துக்கு எழுநூறு குடுத்துட்டாங்க. நான் எங்க போவேன்?"

முஜாஹித் பதில் சொல்வதற்குள் அருணகிரியின் கண் உள்ளே மேசைமேல் போயிற்று. எழிலரசி முன்பே பிளேட்டு அழுத்திப் பார்த்த ஆட்டுத்தோல் ஒன்று பளபளவென்று செதில் செதிலாகக் கிடந்தது. உள்ளே வந்து அதைத் தொட்டார்.

"இது இன்னா, மீன்தானே?"

"ஆடு சார்."

"ஆடான்னு நான் கேக்கல பாய். மீன் மாதிரி இருக்குதான்னு கேட்டேன்."

"மீன் மாதிரி இருக்குது சார்."

அருணகிரி கதவைச் சாத்தச் சொன்னார். மறுநாள் முத்திரை இரும்பும் அடுப்பும் மாடியிலிருந்து ஷெட்டுக்கு இறங்கி வந்தன. ஒரு பக்கம் இத்தாலிக்குச் செருப்பு ஆயிற்று, மறுபக்கம் மாவட்டத்துக்கு மீன் ஆயிற்று. விஷயம் அரசல்புரசலாகப் பரவி, தர்மபுரி, சேலம், நாமக்கல் என்று கடலைக் கண்ணால் காணாத அதிகாரிகள் எல்லாம் ஆளுக்கொரு முத்திரை இரும்போடு ஆம்பூரில் பஸ் இறங்கினார்கள். அவரவர் இலக்குக்கு அவரவர் குத்திக்கொண்டார்கள். சூடு வைப்பதற்குக் காசு வாங்காமல் அதிகாரிகளே வேலை செய்கிற தோல் கம்பெனி உலகத்தில் இது ஒன்றுதான். ஆறு பேர் பதினெட்டாகி, பக்கத்து ஷெட்டையும் சேர்த்தாயிற்று. எழிலரசி சூப்பர்வைசரானாள். தர்மபுரி அதிகாரி முத்திரையைக் கோணலாக வைத்தால் அவரையே சத்தம் போட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் கடலில் ஒன்று நடந்தது. முத்திரைத் திட்டம் அங்கேயும் போனதல்லவா? நடுச் சதையில் சூடு போட்ட மீனை எவன் வாங்குவான்? கருவிழியான் வலையில் ஏறினாலே படகுக்காரர்கள் காறித் துப்பிவிட்டு, திருப்பித் தண்ணீரில் வீசினார்கள். கொஞ்ச காலத்தில் விஞ்ஞானிகள் துள்ளிக் குதித்தார்கள்: கருவிழியான் பெருகுகிறது, கூட்டம் கூட்டமாகத் திரிகிறது!

ஆணையர் சூரியபிரகாஷுக்கு வந்ததே கோபம். "கடல்ல மீன் மிச்சம் இருக்குன்னா என்ன அர்த்தம்? நீங்க வேலை செய்யலைன்னு அர்த்தம்!" என்று கடலோர அதிகாரிகளை ஆய்வுக் கூட்டத்தில் உரித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் போயிருக்கும். ஷெட் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. வெயிலில் கறுத்து, காற்றில் காய்ந்த ஒரு அதிகாரி இறங்கினார். எட்டிப் பார்த்தால் கடல் தெரிகிற ஆபீஸிலிருந்து வருகிறவர். கையில் துணி சுற்றிய முத்திரை இரும்பு. வெட்கத்தோடு அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, முஜாஹித் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாய், எழுநூறு குடுத்திருக்காங்க. ஒண்ணுகூட ஆகல. நீங்கதான் ஏதாவது பாத்து..."

"ஒக்காருங்க சார், மொதல்ல டீ சாப்டுங்க," என்றார் முஜாஹித். எத்தனை அதிகாரிகளைப் பார்த்துவிட்டார்! இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. அந்த மீனு முழுசா எப்டி சார் இருக்கும்? நான் தோலைத் தவிர வேற பாத்ததில்ல."

அதிகாரி டீயை உறிஞ்சினார். "நானும் பாத்ததில்ல பாய். சுவத்துல படம் மாட்டியிருக்கோம்."

எழிலரசி இரண்டு பிளேட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். "செதிலு பெருசா போடட்டுமா சார், சிறுசா போடட்டுமா? சிறுசுன்னா ஒரு ஆட்டுத்தோலை ரெண்டா வெட்டி ரெண்டு மீனா குடுப்பேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். முகம் கடுத்தது.

"சிறுசு வேணாம்மா. குஞ்சு மீன் புடிக்கறது சட்டப்படி குத்தம்."